பாதி வழியில் ஏழு பேர்

"சார், முடிவை மட்டும் சொல்லிடுங்க!"

கதை சொல்லுகிறவனுக்கு இதைவிடச் சங்கடமான வேண்டுகோள் வேறு உண்டா, வாசக அன்பர்களே? கேட்டவன் பதினேழு வயதுப் பையன். கேட்ட இடம் எங்கள் தோட்டத்துப் பழைய ஆயாக்கொட்டகை. அவன் ஏன் அப்படிக் கேட்டான் என்பதைப் பின்னால் சொல்கிறேன். எந்தக் கதை, கேட்டவர்கள் யார் யார் என்று முதலில் சொன்னால்தான் விஷயம் விளங்கும்.

எங்கள் ஆயாக்கொட்டகையில் இப்போது தொட்டில் கட்டுவதில்லை. கைக்குழந்தையை விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடும் தாய்மார்கள் தோட்டத்தில் குறைந்துவிட்டார்கள். இரண்டு நீளப் பெஞ்சும் ஒரு மின்விசிறியும் தகரக் கூரையுந்தான் அங்கே மிச்சம். ஐந்து மாதமாகச் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு நாங்கள் ஏழு பேர் அங்கே கூடுகிறோம். நான் வாசிக்கிறேன், மற்ற ஆறு பேரும் கேட்கிறார்கள். கேட்கிறார்கள் என்றா சொன்னேன்? தவறு. குறுக்கே பேசுகிறார்கள், ஒருவரோடு ஒருவர் மல்லுக்கு நிற்கிறார்கள், கதாசிரியரைத் திட்டுகிறார்கள், கோபம் வந்தால் எழுந்தும் போய்விடுகிறார்கள்.

நூலின் பெயர் 'தி லார்ட் ஆப் தி ரிங்ஸ்'. மோதிரங்களின் அதிபதி என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். எழுதியவர் ஜே. ஆர். ஆர். டோல்கின் என்ற ஆங்கிலேயர். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர். 1892-இல் தென்னாப்பிரிக்காவில் பிறந்து, சிறுவயதிலேயே தாய்தந்தையரை இழந்து, முதல் உலகப் போரில் சிப்பாய்களோடு குழிக்குள் கிடந்து, 1973-இல் மறைந்தவர். நூல் ஆயிரம் பக்கத்துக்கும் மேலே. மொத்தம் 62 அத்தியாயங்கள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தபோது ஒரு முறை படித்திருந்தேன். சென்ற ஆண்டு ஈப்போவில் பழைய புத்தகக் கடை ஒன்றில் முதுகு கிழிந்த பிரதி கிடைத்தது. பதினைந்து வெள்ளி. ஆங்கிலத்தில் ஒரு பத்தி படித்து, அதைத் தமிழில் வாயால் சொல்லி, இப்படியே நகர்கிறோம். 36 அத்தியாயங்கள் முடிந்திருக்கின்றன.

கேட்பவர்கள் யார்? பால்வெட்டிலிருந்து ஓய்வு பெற்ற தாத்தா ஒருவர், வயது எழுபத்து நான்கு. எண்பத்தேழு வயதுப் பாட்டி. இன்றைக்கும் உளி பிடிக்கும் அக்கா ஒருவர், ஐம்பதைத் தொட்டவர். நான்காம் படிவத்தில் படிக்கும் பெண். மேலே சொன்ன பையன். ஸ்டோரில் வேலை பார்க்கும் தம்பி. இந்தத் தம்பியால்தான் எங்களுக்குத் தலைவலி. 2001 முதல் 2003 வரை மூன்று பாகமாக வந்த ஆங்கிலப் படத்தை அவர் பார்த்துவிட்டார்! வாயைத் திறந்தால் கதை கெட்டுப் போகும். பாட்டி அவரிடம் கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

கதை இதுதான். சௌரோன் என்ற கொடியவன் உலகத்தையெல்லாம் கட்டி ஆள ஒரு மோதிரம் செய்தான். அது அவன் கையைவிட்டுப் போய், காலம் பல கடந்து, ஹாபிட் என்ற குள்ள இனத்தானிடம் வந்து சேர்ந்தது. ஹாபிட்டுகள் மூன்றரை அடி உயரம்கூடத் தேறாதவர்கள். வயிறாரச் சாப்பிடுவது, செடி வளர்ப்பது, சுருட்டுக்குழாய் புகைப்பது, இவையே அவர்கள் உலகம். அந்த மோதிரத்தை நல்லதுக்குப் பயன்படுத்தலாம் என்று எடுத்தவனையும் அது கெடுத்துவிடும். செய்யப்பட்ட எரிமலையிலேயே கொண்டுபோய்ப் போட்டால்தான் அழியும். அந்த எரிமலை பகைவன் நாட்டின் நடுவில் இருக்கிறது. பிரோடோ என்ற ஹாபிட் அதைச் சுமந்துகொண்டு போகிறான். துணைக்கு எட்டுப் பேர்.

முதல் மாதம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தொடக்கத்தில் ஒரு பிறந்தநாள் விருந்து வருகிறது. பிரோடோவை வளர்த்த பெரியவருக்கு 111 வயது. அந்த விருந்தும் பரிசும் வாணவேடிக்கையுமாகப் பக்கங்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சார், கல்யாண வீட்டுக்கு வந்து ஒரு வாரமாச்சு. தாலி எப்போ கட்டப் போறீங்க?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அடுத்த வாரம், பிரோடோ வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அவனுக்கு வயது ஐம்பது என்று வாசித்ததும் அதே அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஐம்பதா? என் வயசா? அப்போ வாசிங்க" என்றார். அதற்கப்புறம் அவர் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை.

பாதி படித்த நூலைப் பற்றிக் கருத்துச் சொல்லலாமா? எங்கள் பயிற்சிக் கல்லூரியில் கூடாது என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். முழுதும் படித்துவிட்டே திறனாய்வு செய்ய வேண்டும் என்பார்கள். பள்ளிக்கூடத்துக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் முடிவு தெரிந்தவனுடைய பேச்சில் ஒரு தந்திரம் வந்துவிடுகிறது. 'எனக்கு அப்போதே தெரியும்' என்று எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிடுகிறான். பாதியில் நிற்பவனுக்கு அந்த வசதி இல்லை. பயந்தால் பயந்தேன் என்று சொல்ல வேண்டியதுதான்.

டோல்கினே பாதியில் நின்றவர்தான். 1937 டிசம்பரில் எழுதத் தொடங்கினார். கதையில் ஒரு சத்திரத்து மூலையில், முகத்தை மறைத்துக்கொண்டு நெடியவன் ஒருவன் உட்கார்ந்திருப்பான். அவன் யார் என்று பிரோடோவுக்குத் தெரியாது. எழுதிய தமக்கும் அப்போது தெரியாது என்று டோல்கின் 1955-இல் கவிஞர் ஆடனுக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டார். மொரியா என்ற பாதாளச் சுரங்கத்துக்குள் பயணிகளைக் கொண்டுபோய்விட்டு, மேலே எழுத ஓடாமல் ஏறக்குறைய ஓராண்டு அங்கேயே நின்றுவிட்டார். இதைச் சொன்னதும் தாத்தா, "நாம ரெண்டு வாரத்துல வெளியே வந்துட்டோமே, வாத்தியாரே!" என்றார்.

அந்தச் சுரங்கத்தில்தான் காண்டால்ப் என்ற பெரியவர், மந்திரம் கற்றவர், மற்றவர்களைத் தப்பவிட்டுத் தாம் பள்ளத்தில் விழுகிறார். அன்றிரவு யாரும் பேசாமல் கலைந்தார்கள். பாட்டி மட்டும் வாசற்படியில் நின்று, "பெரியவரை ஏன் முதல்லே கொண்டுபோறான் இந்த மனுஷன்?" என்று என்னைக் கேட்டார், நான்தான் தள்ளிவிட்டவன் போல. அவர் கதி பிறகு என்னாயிற்று என்பதை இங்கே எழுதமாட்டேன். படிக்கப் போகிறவர்கள் திட்டுவார்கள்.

டாம் பாம்படில் என்று ஒரு பாத்திரம் உண்டு. காட்டுக்குள் மஞ்சள் பூட்ஸ் மாட்டிக்கொண்டு பாடித் திரியும் ஆள். அவரைத் தாண்டிச் செல்லலாம் என்றான் பையன். கதைக்கு அவரால் என்ன பயன்? "படத்துலகூட இவர் கிடையாது" என்று ஸ்டோர் தம்பியும் சேர்ந்துகொண்டார். தாத்தாவுக்கோ அவரைத்தான் எல்லோரையும்விடப் பிடித்திருந்தது. உலகமே நடுங்கும் அந்த மோதிரத்தை விரலில் மாட்டினாலும் அவர் மறைவதில்லை. விளையாட்டுச் சாமான் போலத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். "ஆசை இல்லாதவனை அது ஒண்ணும் செய்யாது. இது தெரியாம என்ன கதை கேக்குறீங்க?" என்றார் தாத்தா. யார் சொன்னது சரி? பின்னாளில் இரண்டாம் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் டோல்கின் இதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதியிருக்கிறார். சிலருக்குக் குறையாகத் தெரியும் இடத்தையே வேறு சிலர் தனியே எடுத்துப் பாராட்டுகிறார்களாம். அவர் வீட்டுத் திண்ணையிலும் எங்கள் பெஞ்சு போல ஒன்று கிடந்திருக்க வேண்டும்.

நான்காம் படிவத்துப் பெண் நறுக்கென்று பேசுபவள். ஒன்பது பேர் புறப்பட்ட அன்றே, "சார், இந்தக் கதையிலே பொம்பளைங்க யாரும் நடக்க மாட்டாங்களா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. இதையே வேறு விதமாக, எல்லாப் பாத்திரங்களும் பையன்களே என்ற பொருளில், கவிஞர் எட்வின் மியூர் 1955-இலேயே விமர்சனம் எழுதியிருக்கிறார். இடையில் கலாட்ரியல் என்ற பேரரசி வந்தபோது இவள் சமாதானம் ஆகவில்லை. "அவங்க ராணி. நான் ராணியைக் கேக்கல" என்றாள். 28-ஆம் அத்தியாயத்தில் எயோவின் என்ற அரசகுமாரி வருகிறாள். வாள் பிடிக்கத் தெரிந்தவள். ஆண்களெல்லாம் போருக்குப் போக, நாட்டு மக்களைப் பார்த்துக்கொள் என்று இவளைப் பின்னால் நிறுத்திவிடுகிறார்கள். கதவருகே அவள் தனியாக நிற்கிறாள். எங்கள் பெண் ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் முதல் முன்பெஞ்சில் உட்கார்ந்தாள். கல்லூரிக்கு விண்ணப்பம் போடுவது பற்றி அவள் வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருக்கும் சமயம் அது. நான் ஏதும் கேட்கவில்லை.

இனி சாமுக்கு வருகிறேன். உள்ளபடியே சண்டை நடந்தது சாமைப் பற்றித்தான்.

சாம் பிரோடோவின் தோட்டக்காரன். அவன் அப்பனும் அதே வீட்டுத் தோட்டக்காரன். மோதிரத்தைப் பற்றி உள்ளே இரகசியம் பேசும்போது, சாம் சன்னலுக்குக் கீழே புல் வெட்டுகிறேன் என்ற சாக்கில் ஒட்டுக்கேட்டு மாட்டிக்கொள்கிறான். தண்டனை போல அவனையும் பயணத்தில் சேர்த்துவிடுகிறார்கள். வழியெல்லாம் பிரோடோவை எசமான் என்றே அழைக்கிறான். சமையல் சட்டிகளைச் சுமக்கிறான், சோறாக்குகிறான், காவல் இருக்கிறான்.

முதல் நாளே தாத்தாவுக்கு முகம் சிவந்துவிட்டது. காரணம் இருக்கிறது. அவருடைய தகப்பனார் 1950-களில் வெள்ளைக்காரத் துரை பங்களாவில் தோட்டக்காரராக இருந்தவர். ரோஜாச் செடி வெட்டிவிடுவதில் கெட்டிக்காரராம். பதினொரு வருடம் வேலை பார்த்தும் பங்களாவின் முன்வாசல் வழியாக ஒரு நாளும் உள்ளே போனதில்லை. "சன்னலுக்கு வெளியே நின்னாத்தானே தோட்டக்காரனுக்குச் சேதி தெரியும்? அதுக்குப் பேரு ஒட்டுக்கேக்குறதா?" என்று ஆரம்பித்தார். "துரைக்குப் பின்னாலே மூட்டை தூக்கிட்டுப் போறவனைப் பார்த்து நாம கை தட்டணுமா? அவன் சொந்தக் காலிலே எப்போ நிப்பான்? நிக்க மாட்டான். எழுதினவனே வெள்ளைக்காரன்."

ஸ்டோர் தம்பி வாயெடுத்தார். பாட்டி கற்பூரத்தை நினைவூட்டினார்.

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 1916-இல் பிரான்சில் சோம் நதிப் போரில் டோல்கின் இளம் அதிகாரியாக இருந்தார். அதிகாரிகளுக்கு உதவியாக ஒரு சாதாரணச் சிப்பாய் இருப்பான். உடுப்பும் சாப்பாடும் பார்த்துக்கொள்வதோடு குண்டு விழும்போது பக்கத்திலும் நிற்பான். அப்படிப்பட்டவர்களையும் சாதாரணப் படைவீரர்களையும் மனத்தில் வைத்தே சாமை உருவாக்கியதாகவும், அவர்கள் தம்மைவிட எவ்வளவோ மேலானவர்கள் என்றும் டோல்கின் சொல்லியிருக்கிறார். தாத்தா கேட்டுக்கொண்டார். "மேலானவன்னு மனசுல நெனச்சா ஆச்சா? சம்பளம் யாருக்குக் கூட?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

22-ஆம் அத்தியாயத்தில், யாரையும் ஆபத்தில் மாட்டக் கூடாது என்று பிரோடோ தனியாகப் படகில் கிளம்புகிறான். நீந்தத் தெரியாத சாம் பின்னாலேயே ஆற்றில் இறங்கி மூழ்கப் பார்க்கிறான். அதை வாசித்தபோது தாத்தா ஒரு பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு வெளியே போய் நின்றார். திரும்பி வந்து, "இது சம்பளத்துக்குச் செய்யுற வேலை இல்லே" என்றார். அவ்வளவுதான். கோபம் தீர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அது வேறு, இது வேறு என்பது அவர் கட்சி.

பிறகு ஒரு கயிறு வந்தது. கயிறு இல்லாமல் புறப்பட்டுவிட்டோமே என்று சாம் வழியெல்லாம் தன்னையே நொந்துகொள்வான். எல்ப் என்ற தேவகணத்தார் நாட்டில் அவனுக்கு நல்ல கயிறு கிடைக்கிறது. 34-ஆம் அத்தியாயத்தில் செங்குத்தான பாறையிலிருந்து இறங்க முடியாமல் இருவரும் தவிக்கும்போது அந்தக் கயிறுதான் காப்பாற்றுகிறது. தாத்தா பெஞ்சைத் தட்டினார். "பார்த்தியா! மோதிரம் தூக்குறவனுக்குக் கயிறு நெனப்பு வராது. வேலை செய்யுறவனுக்குத்தான் வரும்!"

எனக்குச் சாமின் கதை எங்கே போய் முடியும் என்று தெரியும். தெரிந்துகொண்டே முகத்தை ஒரு மாதிரியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று கதை சொன்னவர்களுக்குத்தான் புரியும்.

மரங்கள் நடந்து வந்து போர் செய்யும் அத்தியாயங்கள் பையனுக்குச் சொந்தம். சாருமான் என்பவன் உலை எரிக்கக் காட்டை வெட்டித் தள்ளுகிறான். மரம் மேய்க்கும் கிழவன் ட்ரீபியர்டு முதலில் எந்தப் பக்கமும் சேராதவன்; தன் மரங்களுக்காகப் பரிந்து பேச யாருமில்லாதபோது நான் யார் பக்கம் சேர்வது என்ற எண்ணம் அவனுக்கு. பிறகு எழுந்து வருகிறான். எங்கள் தோட்டத்தில் மேட்டு நிரைப் பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை போட்டாகிவிட்டது. விடுமுறையில் அந்த வேலைக்குப் போய்வந்தவன் இந்தப் பையன். "நம்ம மரம் ஒண்ணும் எந்திரிச்சு வரலியே சார்" என்றான். அக்கா, "மங்கு கட்டி மங்கு கட்டி அதுக்கு ரத்தமே இல்லே. எங்கே எந்திரிக்கிறது?" என்றார்.

62 அத்தியாயங்களில் நட்டநடுவான 31-ஆம் அத்தியாயத்தில் என்ன நடக்கிறது தெரியுமா? ஒன்றும் நடப்பதில்லை! பிரிந்துபோன நண்பர்கள் இடிந்த கோட்டை வாசலில் சந்தித்து, சாப்பிட்டு, புகைத்து, 'உனக்கு என்ன ஆயிற்று, எனக்கு என்ன ஆயிற்று' என்று கதை பேசுகிறார்கள். எங்களைப் பார்த்து எழுதியது போலவே இருந்தது.

எங்களுக்கு முன்னாலேயே இப்படிப் பாதியில் கேட்டவர்கள் இருந்தார்கள். ஆக்ஸ்போர்டில் சி. எஸ். லூயிஸ் என்ற எழுத்தாளரின் அறையில் வியாழக்கிழமை இரவுகளில் நண்பர்கள் கூடுவார்கள். டோல்கின் எழுதியதைக் கொண்டுவந்து வாசிப்பார். லூயிஸ் மேலும் மேலும் கேட்பார். ஹியூகோ டைசன் என்ற நண்பருக்கோ இந்தக் கதை அறவே ஆகாது. எல்லா இடத்திலும் ஒரு டைசன் இருக்கத்தான் செய்கிறார்.

இன்னொருவர் டோல்கினின் மகன் கிறிஸ்தோபர். 1944-இல் அவர் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்து தென்னாப்பிரிக்காவில் பயிற்சியில் இருந்தார். நடுவில் நின்றுபோயிருந்த கதையைத் தந்தை அந்த ஆண்டு மறுபடி எடுத்து, எழுதி முடித்த அத்தியாயங்களைப் பிரதி எடுத்துக் கடல்கடந்து மகனுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். பிரோடோவும் சாமும் தனியாக நடக்கும் பகுதி அப்படித் தவணை தவணையாகப் போனதுதான்.

வெளியீட்டுக் கதையும் சுவையானது. டோல்கினின் முந்தைய நூலான 'தி ஹாபிட்'டைக் கைப்பிரதியில் படித்துக் கருத்து எழுதியவன் பதிப்பாளரின் பத்து வயது மகன் ரெய்னர் அன்வின். கூலி ஒரு ஷில்லிங். அந்தச் சிறுவனே வளர்ந்து அதே நிறுவனத்தில் அமர்ந்து, இந்தப் பெரிய நூலில் ஆயிரம் பவுன் நட்டம் வரலாம் என்று கணக்குப் போட்டும் வெளியிடலாம் என்றான். போருக்குப் பிந்திய காலம், காகிதம் விலை ஏறிக் கிடந்தது. எனவே மூன்றாகப் பிரித்தார்கள். முதல் பாகம் 1954 ஜூலை 29. இரண்டாம் பாகம் 1954 நவம்பர் 11. அந்த இரண்டாம் பாகம் நெஞ்சைப் பிடிக்கும் ஓர் இடத்தில் நிற்கிறது. என்ன இடம் என்று கேட்காதீர்கள். மூன்றாம் பாகமோ பின்னிணைப்புகளால் தாமதப்பட்டு 1955 அக்டோபர் 20-இல்தான் வந்தது. பதினொரு மாதம் ஒன்பது நாள்! நான் இதைச் சொன்னபோது அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "பதினொரு மாசமா? நான்னா அந்தப் பேராசிரியர் வீட்டு வாசல்லே போய் உக்காந்திருப்பேன்."

35-ஆம் அத்தியாயத்தைப் பற்றி எழுதத் தயங்கினேன். பாட்டியிடம் அனுமதி கேட்டு எழுதுகிறேன்.

கொல்லம் என்ற பிறவி ஒருவன். முன்பு மோதிரத்தை வைத்திருந்து அதனாலேயே உருக்குலைந்தவன். பிரோடோவும் சாமும் அவனைப் பிடித்து வழிகாட்டச் சொல்கிறார்கள். கட்டிப் போட வேண்டும் என்றான் பையன். இரக்கம் காட்டியது சரி என்றார் அக்கா. பாட்டி கவனித்தது வேறு. எல்ப்களின் ரொட்டியைக் கொல்லம் வாயில் வைத்ததும் விழுங்க முடியாமல் துப்பிவிடுகிறான். "பாவம், நல்ல சோறு எறங்க மாட்டேங்குதே அவனுக்கு" என்றார்.

அவன் அவர்களை ஒரு சதுப்பு நிலத்தின் வழியே கூட்டிப் போகிறான். எப்போதோ நடந்த பெரும்போரில் மடிந்தவர்களின் முகங்கள் அந்தத் தண்ணீருக்கடியில் தெரிகின்றன. மேலே மங்கலான விளக்குகள். விளக்குகளைப் பார்க்காதே என்று கொல்லம் எச்சரிக்கிறான். இந்தச் சதுப்பு நிலத் தோற்றம் சோம் போருக்குப் பிந்திய வட பிரான்சுக்குக் கொஞ்சம் கடன்பட்டது என்று டோல்கினே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1918-க்குள் அவருடைய நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் இறந்துபோயிருந்தார்கள்.

நான் வாசித்து முடித்தேன். தகரத்தில் தூறல் விழும் சத்தம். பாட்டி மெதுவாகச் சொன்னார்: "நான்னா பார்ப்பேன்."

எதை என்று கேட்டேன்.

"அந்த முகங்களை."

1943-இல் ஜப்பான்காரன் காலத்தில் பாட்டியின் அப்பாவைச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை, சயாமிலிருந்து பர்மா வரை. நம் தோட்டங்களிலிருந்து போனவர்களில் ஆயிரமாயிரம் பேர் திரும்பவில்லை, அவரும் திரும்பவில்லை. அப்போது பாட்டிக்கு ஐந்து வயது. படம் கிடையாது. முகம் நினைவில் இல்லை. "அம்மா சொல்லும், என் மூக்கு அவரு மூக்குன்னு. தண்ணிக்குள்ளே வரிசையா முகம் தெரிஞ்சா, மூக்கை வச்சுக் கண்டுபிடிச்சிர மாட்டேனா? பார்க்காதேன்னு அவன் சொல்றான். அவனுக்கு என்ன தெரியும்?"

அன்றைக்கு அதற்கு மேல் வாசிக்கவில்லை. பையன்தான் பாட்டியைக் குடைபிடித்து லயத்து வீடு வரை கொண்டுபோய்விட்டான்.

கொண்டுபோய்விட்டுத் திரும்பி வந்தவன்தான் அந்தக் கேள்வியைக் கேட்டான். அவர்கள் குடியிருக்கும் லயத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவன் அப்பாவுக்குப் பட்டணத்தில் காவல் வேலை கிடைத்திருக்கிறது. வாடகைக்கு அடுக்குமாடியில் ஒரு வீடு. அந்த வாரக் கடைசியில் கிளம்ப வேண்டும்.

"சார், முடிவை மட்டும் சொல்லிடுங்க."

"தம்பியைக் கேட்டிருக்கலாமே, அவர்தான் படம் பார்த்தவராச்சே" என்றேன்.

"கேட்டா சொல்லிருவாரு. நானே படத்தையும் பார்க்கலாம். ஆனா அதுலே தாத்தா இருக்க மாட்டாரே சார்."

நூலைக் கொடுத்துவிடலாமா என்று நினைத்தேன். இருப்பது ஒரே பிரதி. மற்றவர்களைக் கேட்காமல் எப்படிக் கொடுப்பது? முடிவைச் சொல்லவும் வாய் வரவில்லை. மறுநாள் எல்லோரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "கொடுத்துருங்க. அவன் படிச்சிட்டு அனுப்பட்டும். வெள்ளைக்காரங்க பதினொரு மாசம் இருந்தாங்களாமே, நமக்கென்ன?" என்றார் தாத்தா. நான்காம் படிவத்துப் பெண் கூடாது என்றாள். அவள் எயோவினை விட்டுவிட்டுக் காத்திருக்கத் தயாராயில்லை. கடைசியில் அக்காதான் வழி சொன்னார். "அந்தப் பேராசிரியர் மகனுக்குக் கப்பல்லே அனுப்பலியா? நீங்க வாசிக்கிறதை அப்படியே போன்லே பிடிச்சு இவனுக்கு அனுப்புங்க சார். நாங்க சண்டை போடறதையும் சேர்த்து."

பையன் போய்விட்டான். போன சனிக்கிழமை 36-ஆம் அத்தியாயம். பிரோடோவும் சாமும் பகைவன் நாட்டின் கறுப்பு வாசலுக்கு வந்து சேர்கிறார்கள். வாசல் மூடிக் கிடக்கிறது. கைத்தொலைபேசியைப் பெஞ்சின் நடுவில் வைத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பதிவு செய்தோம். மழையும் தாத்தாவின் இருமலும் நன்றாகவே விழுந்திருக்கின்றன. இடையில் பாட்டி குனிந்து தொலைபேசியிடமே, "சாப்பிட்டியாய்யா?" என்று கேட்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவனிடமிருந்து பதில் வந்தது. எட்டு வினாடிக் குரல். பின்னால் லாரி ஓடும் சத்தம்.

"தாத்தாகிட்ட கேளுங்க சார். சாம் கயிறை மறக்காம எடுத்துக்கிட்டானா?"